எந்த இஞ்சி?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இஞ்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். குமட்டல், மூட்டுவலி, புற்றுநோய் என எதை எடுத்தாலும் 'இஞ்சியில் ஜிஞ்சரால் இருக்கிறது' என்ற ஒரே பதில். சரி, எந்த இஞ்சியில்? பச்சை இஞ்சியா, சுக்கா, குழம்பில் வெந்ததா? அதைக் கட்டுரையாளர் சொல்லவே இல்லை.

பச்சை இஞ்சியில் ஒரு சில்லு நறுக்கி மென்று பாருங்கள். முதலில் எலுமிச்சை சாயலில் ஒரு வாசம், அப்புறம் மெல்ல ஏறுகிற காரம். அந்தக் காரம்தான் ஜிஞ்சரால். மிளகாயிலுள்ள கேப்சைசின் உசுப்புகிற அதே நரம்பு ஏற்பியைத்தான் இதுவும் உசுப்புகிறது. இஞ்சி காய்ந்து சுக்காகும்போது ஜிஞ்சராலில் ஒரு பகுதி, தன் மூலக்கூறிலிருந்து நீரை இழந்து ஷோகாலாக மாறிவிடும். (இஞ்சிக்கு ஜப்பானியப் பெயர் ஷோகா, அதிலிருந்து வந்த பெயர்.) இதற்குக் காரம் ஜிஞ்சராலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். சுக்குத்தூள் தொண்டையைப் பிடிப்பது சும்மா இல்லை. சமையலில் வேகும்போதோ கொஞ்சம் ஜிஞ்சரோன் உண்டாகிறது. அது காரம் தணிந்து, இனிப்பு வாசம் அடிக்கும் பொருள்.

வெதுவெதுப்பான பாலில் இஞ்சிச் சாறு விட்டுவிட்டு, திரிந்துபோனதற்குப் பாலைத் திட்டியவன் நான். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருப்பது பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே பாலைச் சேர்க்கிறேன். கொதித்தால் அந்த நொதி செயலிழந்துவிடும்.

குமட்டலுக்கு, அதிலும் கர்ப்பகாலக் குமட்டலுக்கு, இஞ்சி உதவுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் உலர்ந்த இஞ்சித்தூள், அதையும் சில வேளைகளாகப் பிரித்து. தேநீரில் தட்டிப்போடும் துண்டு அல்ல. மூட்டுவலியில் பலன் சுமார்தான். புற்றுநோய் விஷயம் பெரும்பாலும் ஆய்வகத்தில் செல்கள்மீதும் விலங்குகளிடமும் பார்த்தது. அதைக் 'குணமாக்கும்' என்று தலைப்பில் போட்டது அநியாயம்.

இன்னொன்று. வார்ஃபரின் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இஞ்சி மாத்திரையோ அதிக அளவு தூளோ எடுக்கும்முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். முழுப்பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இடமில்லையா? அடுத்த இதழில் பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்