பட்டாளத்து வீடுகளுக்கு ஒரே குரல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 பிப்ரவரி 24-இல் தொடங்கிய ரஷ்யா–உக்ரைன் போர் பற்றிய செய்திகளில் "வீரர்களின் குடும்பங்கள் போருக்கு எதிர்ப்பு" என்று ஒரு நாளும், "வீரர்களின் குடும்பங்கள் அரசுக்கு ஆதரவு" என்று இன்னொரு நாளும் தலைப்பு வருகிறது. பெரும்பாலும் ஒரு நிமிட வீடியோ, அல்லது நாலைந்து பெண்கள் பதாகையோடு நிற்கும் ஒரு படம்தான் இவற்றுக்கு ஆதாரம். அந்தப் பெண்ணின் கணவர் எந்த வகையில் படைக்குப் போனவர், அவர் திரும்பி வர நாள் குறித்திருக்கிறதா, அவள் கேட்பது உண்மையில் என்ன என்ற மூன்றும் தெரியாமல் அவள் சொல்வதற்குப் பொருள் கொள்ள முடியாது. இந்த மூன்றும் நம் செய்திகளில் விடுபட்டுப் போவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ரஷ்யா. அங்கே போர்முனையில் இருப்பவர்களில் இரண்டு பெரும் வகை உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சம்பளத்துக்குச் சேர்ந்தவர்கள் ஒரு வகை. கையெழுத்துப் போடும்போது மத்திய அரசு தரும் தொகை 1,95,000 ரூபிளாக இருந்து, 2024 ஆகஸ்டில் 4 லட்சமாக உயர்ந்தது. மாகாணங்கள் தரும் தொகை இதற்கு மேல். இரண்டாவது வகை, 2022 செப்டம்பர் 21 ஆணைப்படி வீட்டிலிருந்து அழைத்துப் போகப்பட்டவர்கள். 3 லட்சம் பேர் என்று அன்று அறிவித்தார்கள். அந்த ஆணையில் முடிவுத் தேதி இல்லை. வயது வரம்பு, உடல் தகுதியின்மை, சிறைத் தண்டனை ஆகிய காரணங்களால் மட்டுமே வெளியே வரலாம் என்று எழுதியிருக்கிறது. அதாவது நலமாக இருக்கும் ஒருவன், போர் முடியும் வரை வீடு திரும்ப வழியில்லை.

2023 நவம்பரில் மாஸ்கோவில் தெருவுக்கு வந்த பெண்கள் இந்த இரண்டாவது வகை வீடுகளைச் சேர்ந்தவர்கள். "வீட்டுக்கு வழி" என்று தங்கள் இயக்கத்துக்குப் பெயர் வைத்து, வெள்ளை முக்காடு போட்டு, கிரெம்ளின் மதிலருகே பெயரறியாப் போர்வீரன் நினைவிடத்தில் மலர் வைத்தார்கள். அவர்களில் பலர் ஆரம்பத்தில் கேட்டது போரை நிறுத்தும்படி அல்ல. "எங்கள் ஆட்களுக்கு ஓர் ஆண்டு ஆகிவிட்டது, அவர்களை அனுப்பிவிட்டு வேறு ஆட்களை எடுங்கள்" என்பதே. அதே தெருவில் ஒப்பந்தக்காரரின் மனைவி ஒருத்தி இருந்தால் அவளுக்கு இந்தக் கோரிக்கை எரிச்சலூட்டும். அவள் கணவர் பணத்துக்காகப் போனார் என்று ஊர் ஏற்கெனவே சொல்லியிருக்கும். இன்னொருத்தி தெருவில் நின்று அழுவது அந்தப் பேச்சை வலுவாக்குவதாக அவளுக்குப் படும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவருமே "வீரரின் மனைவி".

அவர்கள் சொல்லாமல் விடுவதையும் கவனிக்க வேண்டும். 2022 மார்ச் 4-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி படையை "இழிவுபடுத்துவது" குற்றம். முதல் தடவை அபராதம். ஓராண்டுக்குள் மறுபடி செய்தால் குற்ற வழக்கு. பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்குப் போட்டால் 15 ஆண்டு வரை சிறை. ஆகவே அங்குள்ள பெண் "போர் தவறு" என்று சொல்லமாட்டாள், "அவருக்கு ஓய்வு கொடுங்கள்" என்பாள். இதை இங்கே "போருக்கு எதிராக முழக்கம்" என்று மொழிபெயர்த்தால், அவள் சொல்லாததை அவள் வாயில் திணித்து, அவளைச் சட்டத்தின் முன் நிறுத்துகிறோம்.

மொழிபெயர்ப்பில் இன்னொரு தவறு நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. "டிமொபிலைசேஷன்" என்ற சொல்லைப் "படைக்குறைப்பு" என்று எழுதுகிறார்கள். அந்தப் பெண்கள் கேட்பது படையைக் குறைப்பதல்ல. தம் ஆளைப் பணியிலிருந்து விடுவிப்பது. "ரொட்டேஷன்" என்பதும் போர்முனையில் சில மாதம், பின்னால் ஓய்வில் சில வாரம் என்ற மாற்று ஏற்பாடு. விடுவிப்பு கேட்பவள் வேறு, மாற்று ஏற்பாடு கேட்பவள் வேறு, சமாதானம் கேட்பவள் வேறு. தொகைகளிலும் இதே கதை. உக்ரைனில் இறந்த வீரரின் குடும்பத்துக்கு 15 மில்லியன் ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்). அது நம் கணக்கில் ஒன்றரைக் கோடி ஹ்ரிவ்னியா, 15 கோடி அல்ல. ஐந்தில் ஒரு பங்கு முதலில் கிடைக்கும், மீதி மாதத் தவணைகளாக வரும். "குடும்பத்துக்குக் கோடிகள்" என்ற தலைப்பைப் படிப்பவருக்கு இந்தத் தவணை தெரியாது.

உக்ரைனில் பிளவு வேறு மாதிரி. அங்கே சண்டை அவர்கள் வீட்டு வாசலில் நடக்கிறது. எதிர்த்து நிற்க வேண்டுமா என்பதில் குடும்பங்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. யார் நிற்பது, எத்தனை நாள் நிற்பது என்பதில்தான் இருக்கிறது. 2023 இலையுதிர்காலத்தில் கீவ் நகரில் வீரர்களின் மனைவிகள் பணிக்கு ஒரு கால வரம்பு கேட்டுக் கூடினார்கள். 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியபோது, 36 மாதப் பணி முடித்தவரை விடுவிக்கலாம் என்று வரைவில் இருந்த பிரிவைப் படைத்தலைமை கேட்டுக்கொண்டபடி எடுத்துவிட்டார்கள். அதே மாதம் அழைப்புக்கான வயது 27-இலிருந்து 25 ஆனது. ஆக, 40 வயதுக் கணவருக்கு விடுப்பு கேட்கும் மனைவியும், 25 வயது மகனுக்கு அழைப்பு வந்துவிடுமோ என்று அஞ்சும் தாயும் ஒருவருக்கு எதிராக ஒருவர் நிற்கிறார்கள். ஒருத்தி கேட்பது கிடைத்தால் மற்றவளின் மகன் போக வேண்டியிருக்கும். இருவருமே நாட்டை நேசிப்பவர்கள்தான்.

உக்ரைனின் மாரியுபோல் நகரில் அஸோவ்ஸ்தால் இரும்பாலையில் 2022 மே மாதம் சரணடைந்தவர்களின் வீடுகள் இதிலும் தனி. "பேசாமல் இருக்காதே, சிறை கொல்கிறது" என்ற பதாகையோடு அவர்கள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்குப் போரின் போக்கைவிட கைதிப் பரிமாற்றப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2025 மே மாதம் மூன்று நாட்களில் இரு தரப்பும் ஆயிரத்துக்கு ஆயிரம் பேரைப் பரிமாறிக்கொண்டன. அடுத்த மாதம் உடல்களைத் திருப்பித் தரும் ஏற்பாடும் வந்தது. உடல் வந்தாலும் மரபணுச் சோதனை முடிந்து பெயர் தெரிய மாதக்கணக்காகும். காணாமல் போனவரின் மனைவி விதவையும் அல்ல, கைதியின் மனைவியும் அல்ல. தயவு செய்து அவளிடம் போரைப் பற்றி ஆம், இல்லை என்று பதில் கேட்காதீர்கள்.

வீரர்களிடமே கருத்துக் கேட்டால் தெளிவு வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஈராக் போர்க்கால அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி–பிப்ரவரியில் ஜோக்பி நிறுவனம் ஈராக்கில் இருந்த 944 வீரர்களிடம் கேட்டதில், ஓராண்டுக்குள் வெளியேற வேண்டும் என்றவர்கள் 72 சதவீதம். உலகமெங்கும் அந்த ஒற்றை எண்தான் போனது. உள்ளே பிரித்துப் பார்த்தால், அப்படிச் சொன்னவர்கள் ரிசர்வ் படையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர், மரைன் படையில் 58 சதவீதம். ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைச் சீருடை போட்டு அனுப்பியதற்கும், படையையே பிழைப்பாகத் தேர்ந்தவரை அனுப்பியதற்கும் உள்ள வித்தியாசம் அது. போர் சரியா தவறா என்பதற்கு முன்னால், தான் எந்த நிபந்தனையில் வந்தோம் என்பது பதிலில் இறங்கிவிடுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில், மகனை ஈராக்கில் இழந்த சிண்டி ஷீஹான், அதிபர் புஷ்ஷின் டெக்சாஸ் பண்ணைக்கு அருகே முகாமிட்டபோது, இறந்தவர்களின் பெயரோடு வெள்ளைச் சிலுவைகளை வரிசையாக நட்டார்கள். மகனை இழந்த வேறு சில பெற்றோர் வந்து தங்கள் மகன் பெயர் இருந்த சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஒரே துயரம், இறந்தவனின் பெயரை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் நேர் எதிரான இரண்டு முடிவு. இரண்டையும் மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நம் நாட்டில் பணியில் இருக்கும் ஜவான் பத்திரிகையிடம் கருத்துச் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 33-ஆம் பிரிவு, 1950 ராணுவச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, 1954 ராணுவ விதிகளின் 19 முதல் 21 வரை, எல்லாம் சேர்ந்து அவர் வாயைக் கட்டுகின்றன. முன் அனுமதி இல்லாமல் பேசினால் நடவடிக்கை வரும். 2020 ஜூலையில் முகநூல் உட்பட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கச் சொன்னார்கள். ஆகவே எல்லையில் பதற்றம் வரும்போது தொலைக்காட்சியில் பேசுபவர் ஓய்வுபெற்றவர், அதிலும் பெரும்பாலும் அதிகாரி. ஹவில்தாரின் மனைவி பேசுவது அரிது. திரையில் கேட்பது படையின் கருத்து அல்ல, பேச அனுமதி உள்ளவரின் கருத்து.

வீட்டுக்குள்ளும் நிலைமை ஒன்றல்ல. போர் நடவடிக்கையில் இறந்த நிரந்தர வீரரின் குடும்பத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு இணையான தாராளக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரருக்குப் பணி நான்கு ஆண்டு, அதன் பின் தொடர்பவர் 25 சதவீதம் வரை. பணியின் காரணமாக இறந்தால் 48 லட்சம் காப்பீடும் 44 லட்சம் கருணைத் தொகையும் உண்டு, மாத ஓய்வூதியம் இல்லை. ஓய்வூதியம் முதலில் மனைவிக்குப் போவதால் மகனை இழந்த தாய் தந்தையருக்கும் மருமகளுக்கும் மனக்கசப்பு வருவதும் உண்டு. இந்த வீடுகளில் யாரிடம் மைக்கை நீட்டுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

நிருபர்கள் செய்யக்கூடியது கடினமல்ல. பேசியவர் வீரருக்கு என்ன உறவு, அவர் பணியில் உள்ளவரா ஓய்வுபெற்றவரா, நிரந்தரமா குறுகிய காலமா, பேட்டி எந்தத் தேதியில் எடுத்தது என்று பேட்டியின் கீழே ஒரு வரி போடுங்கள். கேள்வியையும் அச்சிடுங்கள். "போரை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்டு வந்த பதிலும், "உங்களுக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று கேட்டு வந்த பதிலும் ஒன்றல்ல.

அச்சிடக் கூடாதவை இன்னும் முக்கியம். யூனிட்டின் பெயரும் எண்ணும், லீவு ரத்தான தேதி, ரயில் ஏறிய நிலையம், கடைசியாகப் போன் வந்த நேரம், இவற்றில் இரண்டு சேர்ந்தாலே ஒரு படை நகர்வு தெரிந்துவிடும். கடிதம் போடும் முகவரியே "மேற்பார்வை 56 ஏ.பி.ஓ." (ராணுவ அஞ்சலக எண்) என்று இடத்தை மறைத்துத்தான் இருக்கிறது, அந்தக் காப்பை ஒரு பேட்டியில் அவிழ்த்துவிடாதீர்கள். குடும்பத்தார் படம் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரம் நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். அச்சில் தெளிவாக வர வேண்டும் என்று நிருபர்கள் டாக்குமென்டாகக் கேட்பார்கள். அனுப்புவதற்கு முன் இட விவரத்தை நீக்க வேண்டும், தோள்பட்டைப் பட்டயமும் பின்னணியில் தெரியும் பலகையும் வெட்டப்பட வேண்டும். ராணுவ நடவடிக்கைகளை நேரலையில் காட்ட வேண்டாம் என்று 2025 ஏப்ரல் 26-இல் மத்திய அரசு ஊடகங்களுக்குச் சொன்னது. வீட்டுக் கூடத்தில் எடுக்கும் பேட்டிக்கும் அதே கவனம் தேவை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1987 ஜூலை 29 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை சென்ற இந்திய அமைதிப்படை, 1990 மார்ச் 24-இல் திருகோணமலையிலிருந்து கடைசியாகக் கப்பல் ஏறியது. ஏறக்குறைய 1,200 பேர் அங்கே இறந்தார்கள். சென்னை ராணுவப் பயிற்சிப் பள்ளியில் பயின்று, பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி செல்லவில்லை. ஈழத்தமிழர் துயரம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த முடிவு சரியா என்று இன்றுவரை விவாதிக்கிறோம். ஆனால் ஈழத்தமிழர் மேல் உயிரையே வைத்திருந்த தமிழ்நாட்டில், அந்தப் படையில் மகனையும் கணவனையும் வைத்திருந்த வேலூர், திருவண்ணாமலை, மதுரை மாவட்டத்து வீடுகள் என்ன நினைத்தன என்பது அச்சில் மிகக் குறைவு. அன்று 20 வயதில் போன ஜவானுக்கே இப்போது அறுபதை ஒட்டிய வயது. அவர்கள் இன்று பணியில் இல்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முகவரி கேட்டால் தரத் தயங்குவார்கள். உங்கள் கடிதத்தை உரியவர்களுக்கு அனுப்பிவைக்கும்படி கேளுங்கள். மனைவியையும் தாயையும் ஒரே அறையில் உட்கார வைக்காமல் தனித்தனியாகப் பேசுங்கள். இரண்டு பதில் வந்தால் இரண்டையும் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சுபேதார்,
ஆவடி, சென்னை – 54
(பெயர் வெளியிட வேண்டாம்)