இலவசப் படிவத்துக்குக் கட்டிய 98 டாலர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் மலேசியப் பயணம் பற்றிய கட்டுரை படித்தேன். பத்துமலையில் எத்தனை படிகள், பினாங்குக்கு எப்படிப் போவது என்றெல்லாம் பொறுமையாக எழுதியவர், புறப்படும் முன் நிரப்ப வேண்டிய வருகை அட்டையைப் பற்றி மட்டும் ‘ஆன்லைனில் பதிவு செய்துகொள்ளுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எங்கே பதிவது, பணம் உண்டா இல்லையா என்று ஒரு சொல் இல்லை. அது தெரியாமல்தான் நானும் என் மனைவியும் பணத்தைப் பறிகொடுத்தோம். இன்னொருவருக்கு அது நேரக்கூடாது என்றே எழுதுகிறேன்.

மகள் பிரசவத்துக்காகக் கோலாலம்பூர் போக வேண்டியிருந்தது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு அங்கே சுற்றுலா விசா தேவையில்லை, டிஜிட்டல் வருகை அட்டை போதும் என்று தெரியும். டிக்கெட் எடுத்த அன்றே, பயணத்துக்கு மூன்று வாரம் முன்னதாக, போனில் தேடினேன். முதலில் வந்த தளத்தைத் திறந்தேன். மேலே மலேசியக் கொடி, நீலப் பட்டை, நடுவில் ‘இப்போதே விண்ணப்பிக்க’ என்று பெரிய பொத்தான். தேடல் பக்கத்தில் அந்தப் பெயருக்கு மேலே பொடி எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருந்ததைப் பிறகு மகள் காட்டித்தான் பார்த்தேன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். ஆளுக்கு 49 அமெரிக்க டாலர், இருவருக்கும் 98. ஓடிபி வந்தது, கொடுத்தேன். பணம் போனதாக வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் இருந்த பெயருக்கும் மலேசியாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.

34 வருடம் தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். மணியார்டர் பாரத்தில் பெறுபவர் பெயரும் முகவரியும் சரியாக இல்லாவிட்டால் பணத்தை வாங்கவே மாட்டேன். எழுதத் தெரியாத பாட்டிகளிடம்கூட யாருக்கு, எந்த ஊர் என்று இரண்டு முறை கேட்டு, நானே எழுதி, படித்துக் காட்டிவிட்டுத்தான் முத்திரை குத்துவேன். அப்படிப்பட்டவன் யார் வாங்குகிறார்கள் என்றே பார்க்காமல் பணத்தைக் கட்டினேன் என்பது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு பதிவு முடிந்ததாக மின்னஞ்சல் வந்தது. அதையும் பணம் கட்டிய ரசீதையும் அச்செடுத்து, பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் வைத்திருந்தாள் மனைவி. கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ரசீதை ஒரு விரலால் எங்கள் பக்கமே தள்ளிவிட்டார். வெளியே வந்து மாப்பிள்ளையிடம் காட்டினால், “இதுக்கு ஏது மாமா பணம்? இது இலவசமாச்சே” என்றார்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மலேசிய வருகை அட்டைக்குக் கட்டணமே கிடையாது. சிங்கப்பூரின் வருகை அட்டையும், 2025 மே 1 முதல் தாய்லாந்து கட்டாயமாக்கிய டிஜிட்டல் அட்டையும் அப்படியே. மூன்றையும் அந்தந்த நாட்டுக்குப் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். மூன்று வாரம் முன்பே ஒரு தளம் அவசரப்படுத்திப் பணம் கேட்கிறது என்றால் அது அரசுத் தளம் அல்ல. அந்தப் பாஸ்போர்ட் படமும் அரசுப் படிவத்துக்குத் தேவைப்படாத ஒன்று. எண்ணும் தேதிகளும் போதும். 98 டாலரைவிட எனக்குப் பெரிய கவலை அந்தப் படம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

வங்கியில் முறையிட்டேன். ‘நீங்கள் கேட்ட சேவை வழங்கப்பட்டுவிட்டது’ என்று பதில் வந்தது. அதுவும் உண்மைதான். நாங்கள் தந்த விவரங்களை அரசின் இலவசப் படிவத்தில் அவர்கள் நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். தளத்தின் அடியில், யாரும் படிக்காத இடத்தில், ‘நாங்கள் அரசைச் சேர்ந்தவர்கள் அல்ல’ என்றும் எழுதியிருக்கிறார்கள். அதனால் போலீசுக்குப் போனாலும் மோசடி என்று நிரூபிப்பது கஷ்டமாம்.

நுழைவுக் கட்டணமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பூட்டானில் ஓர் இரவுக்கு வெளிநாட்டவரிடம் 100 டாலர், இந்தியர்களிடம் 1,200 ரூபாய் வாங்குகிறார்கள். எதற்கு வாங்குகிறோம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். முடிந்தவர் கட்டிவிட்டுப் போகலாம். குழப்பமே மற்ற இடங்களில்தான். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று லண்டனில் இருக்கும் என் அண்ணன் மகள் அமெரிக்கா போக, விசாவுக்குப் பதிலாக எஸ்டா என்ற இணையவழி அனுமதி வாங்க வேண்டும். 14 டாலராக இருந்தது 2022-ல் 21 ஆகி, 2025 செப்டம்பர் கடைசியில் 40 ஆகிவிட்டது. பிரிட்டன் தன் பங்குக்கு, இதேபோன்ற ஈடிஏ என்ற அனுமதிக்கு வாங்கும் கட்டணம் 2025 ஏப்ரலில் 10 பவுண்டிலிருந்து 16 ஆனது. தொகை இப்படி மாறிக்கொண்டே இருந்தால், போலித் தளம் 80 என்று கேட்டாலும் ‘ஏற்றிவிட்டார்கள் போல’ என்றுதான் தோன்றும். ஐரோப்பா கொண்டுவரும் இதேபோன்ற எட்டியாஸ் அனுமதிக்கோ, திட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே போலித் தளங்கள் முளைத்துவிட்டன என்று ஐரோப்பிய ஒன்றியமே எச்சரிக்க வேண்டியிருந்தது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வெளிநாட்டுப் பயணக் கட்டுரை எது வந்தாலும் அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். கட்டணம் எவ்வளவு, இலவசம் என்றால் ‘இலவசம்’ என்று தடித்த எழுத்தில், அந்த அரசின் இணைய முகவரி, கட்டணத்தைச் சரிபார்த்த தேதி. மலேசிய அரசின் முகவரி ஜி.ஓ.வி. டாட் எம்.ஒய். என்றும், சிங்கப்பூருடையது ஜி.ஓ.வி. டாட் எஸ்.ஜி. என்றும், தாய்லாந்துடையது ஜி.ஓ. டாட் டி.எச். என்றும் முடியும். முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று அன்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் என் மைத்துனி குடும்பத்தோடு தாய்லாந்து போகிறாள். அவர்கள் வீட்டுக்கும் உங்கள் பத்திரிகைதான் வருகிறது. அதற்கு முன் வரும் ஒரு ஞாயிறு இணைப்பிலேயே அந்தக் கட்டத்தைத் தொடங்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்