செயலட்டைகளில் கரையும் மை: படுவான்கரைப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிபர்களே, ஆசிரியர்களே,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அண்மையில் வசிக்கும் ஒரு தாய் எழுதுகிறேன். வீட்டிலிருந்தபடி தையல் வேலை செய்கிறேன். தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிரின்டர் இருக்கிறது. 2021இல் பாடசாலைகள் பூட்டிக்கிடந்த காலத்தில் என் பிள்ளைகளுக்காக வாங்கியது. எங்கள் வீதியில் வேறு பிரின்டர் இல்லை. அதனால், நீங்கள் தொலைபேசிக்கு அனுப்பும் செயலட்டைகளை, அதாவது பயிற்சித் தாள்களை, அச்சிட்டுக்கொள்ள மாலையானதும் அயல் வீட்டுப் பிள்ளைகள் தாயின் கைத்தொலைபேசியுடன் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "மாமி, நாளைக்குக் கொண்டுபோக வேண்டுமாம். எடுத்துத் தருவீர்களா?" இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சில வாரங்களுக்கு முன் தரம் 3 மாணவி ஒருத்தி கொண்டுவந்த செயலட்டையில் எட்டுக் கழித்தல் கணக்குகள் இருந்தன. நான்கு பக்கங்கள். பக்கம் முழுவதும் கருநீல இரவு வானம், அதில் மஞ்சள் நட்சத்திரங்கள், பக்கத்துக்கு இரண்டு கணக்குகள் வெள்ளை எழுத்தில். அன்று என் பிரின்டரில் நிற மை முடியும் தறுவாயில் இருந்தது. முதற் பக்கத்தின் பாதியிலேயே நீலம் கோடு கோடாகப் பிரிந்து, எது எழுத்து, எது மை விடுபட்ட இடம் என்று தெரியாமற் போயிற்று. நிறுத்திவிட்டு, எட்டுக் கணக்குகளையும் அவளுடைய கொப்பியில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவளோ அழத் தொடங்கிவிட்டாள். "எல்லாரும் நட்சத்திரத் தாள் கொண்டுவருவார்கள், மாமி" என்றாள்.

அந்த நட்சத்திரங்களை வைத்த ஆசிரியர் தம் நித்திரையைக் குறைத்துத்தான் அதைச் செய்திருப்பார். பிள்ளைக்குக் கணக்கின் மேல் விருப்பம் வரட்டும் என்று நினைத்திருப்பார். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் தொலைபேசித் திரையில் நிறத்துக்குக் காசு இல்லை. தாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் காசு. செயலட்டையைச் செய்கிறவர் அந்தக் காசைக் காண்பதில்லை. அது வாவிக்கு இந்தப் பக்கம், கூலி வேலைக்குப் போகும் வீடுகளில்தான் செலவாகிறது.

பிரின்டர் கம்பனிகள் காட்ரிஜ் என்ற மைக்கூட்டின் பெட்டியில் போடும் பக்கக் கணக்கை எடுத்துக்கொள்வோம். சிறிய கறுப்புக் காட்ரிஜ் ஒன்றுக்கு 480 பக்கம் என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கும் மையோ ஐந்தாறு மில்லிலீற்றர், பிள்ளைக்குப் பாணி மருந்து கொடுக்கும் கரண்டி அளவு. 480 பக்கம் என்பது, ஒரு பக்கத்தின் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதத்தை மட்டும் மை மூடும் என்று எடுத்துக்கொண்ட கணக்கு. வெள்ளைத் தாளில் சாதாரணமாக எழுதிய கடிதம் ஏறக்குறைய அவ்வளவுதான் மை குடிக்கும். பக்கம் முழுவதையும் நிறத்தால் நிரப்பினால் அது 100 சதவீதம். அதாவது அப்படி ஒரு பக்கம், இருபது கடிதப் பக்கங்களின் மையைக் குடித்துவிடுகிறது. 480 பக்கம் வரவேண்டிய காட்ரிஜ் 24 பக்கத்தில் தீர்ந்துவிடும். கருநீலம் என்பது தனி மையும் அல்ல. நீலம், செந்நிறம், மஞ்சள் ஆகிய மைகளிலிருந்து கலந்து வருவது. எங்கள் பிரின்டரில் அந்த மூன்றும் ஒரே காட்ரிஜுக்குள் இருக்கின்றன. நீலம் மட்டும் தீர்ந்தாலும் மற்ற இரண்டையும் சேர்த்தே கழற்றி வீசவேண்டும். வகுப்பில் 35 பிள்ளைகள் என்றால் இது 35 தடவை நடக்கிறது.

நட்சத்திர வானமாவது கண்ணுக்குத் தெரிகிறது. இதைப் போலவே மையைத் தின்னும் இன்னொன்று பலருடைய கவனத்துக்கு வருவதேயில்லை: தொலைபேசியால் படம் பிடித்து அனுப்பும் பக்கங்கள். மேசையில் கொப்பியை வைத்து, மின்குமிழுக்குக் கீழே நின்று படம் எடுக்கிறீர்கள். உங்கள் கையின் நிழல் விழுகிறது. கண்ணுக்கு அது வெள்ளைத் தாள்தான். தொலைபேசிக்கோ அது சாம்பல் நிறத் தாள். பிரின்டர் எழுத்தை மட்டும் அச்சிடுவதில்லை, அந்தச் சாம்பலையும் தாளின் நான்கு மூலை வரைக்கும் ஒழுங்காக அச்சிடுகிறது. தாள் ஐந்தில் ஒரு பங்கு கருமையாக இருந்தாலே, எழுத்தையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஐந்து பக்க மை போய்விடும். இவ்வளவும் போய், எழுத்தும் மங்கலாகவே வருகிறது.

இதற்கு மாற்று மிகவும் எளிது. தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்கேன் செயலி ஏதாவது ஒன்றில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளை என்ற தெரிவை அழுத்தினால் போதும். நிழல் மறைந்து தாள் வெள்ளையாகிவிடும், எழுத்து கறுப்பாக நிற்கும். நானும் இப்போது பிள்ளைகள் கொண்டுவரும் படங்களை முதலில் அப்படி வெளுத்துவிட்டுத்தான் அச்சிடுகிறேன். ஒரு பிள்ளைக்கு, பக்கம் பக்கமாக, நான் செய்யும் இந்த வேலையை ஆசிரியர் அனுப்பும்போதே ஒருமுறை செய்தால் வகுப்பு முழுவதற்கும் முடிந்துவிடும்.

நீங்கள் ஏன் படமாக அனுப்புகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. வினாத்தாளைக் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறீர்கள். அதை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத எங்கள் தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கிறது. பெற்றோர் திறக்க முடியவில்லை என்று முறையிட, கணினித் திரையையே படம் பிடித்து அனுப்பத் தொடங்கினீர்கள். அதே கோப்பைக் கணினியிலேயே பிடிஎப் ஆகச் சேமித்து அனுப்பிப் பாருங்கள். எழுத்துரு கோப்புக்கு உள்ளேயே சேர்ந்து வந்துவிடும். எந்தத் தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். அச்சிடும்போது எழுத்துக்கு மட்டும்தான் மை போகும்.

பாடநூற் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவதை மட்டும் தயவுசெய்து அடியோடு விட்டுவிடுங்கள். 1980 முதல் இந்த நாட்டில் பாடநூல் இலவசம். அந்த நூல் பிள்ளையின் பைக்குள்ளேயே இருக்கிறது. பக்க எண்ணை ஒரு வரியில் எழுதி அனுப்பினால் போதுமே.

மாதிரி வினாத்தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் என் பிரின்டருக்கு ஓய்வே இல்லை. பெரும்பாலான தாள்களின் நடுவே பாடசாலை இலச்சினை அல்லது வகுப்பு நடத்துபவரின் பெயர் பெரிதாக, மங்கலாக, பக்கம் தவறாமல் ஓடுகிறது. உழைத்துத் தயாரித்ததை வேறொருவர் தம்முடையது என்று எடுத்துவிடுவாரோ என்ற கவலை நியாயமானது. பெயரைத் தாளின் அடியில் ஒரு சிறு வரியாகப் போட்டாலும் அந்தக் காவல் கிடைக்கும். நடுவில் ஓடும் இலச்சினைக்குக் கீழே இருக்கும் கேள்வியை வாசிக்கப் பிள்ளை கண்ணைச் சுருக்குவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நிறமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. தேசப்படத்துக்கு நிறம் வேண்டும், பூக்களைப் பிரித்தறியும் பாடத்துக்கு நிறம் வேண்டும். ஆனால் "சிவப்புப் பழத்துக்கு வட்டமிடுக" என்று கேட்பதற்குப் பதிலாக "பழத்துக்குச் சிவப்பு நிறம் தீட்டுக" என்று கேட்டால், வெறும் கோட்டுப்படமே போதும். நிறத்தைப் பிள்ளையின் பென்சில் கொடுக்கும். மை மிச்சம் என்று சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தைச் சிறிதாக்கி ஒரு தாளில் இரண்டு பக்கம் அடிப்பதையும் நான் விரும்பவில்லை. அது பெரிய வகுப்புக் குறிப்புகளுக்குச் சரி. தரம் 2 பிள்ளைக்கு எழுத்துப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்யக்கூடியதையும் செய்கிறோம். அச்சிடுமுன் கறுப்பு மை மட்டும் என்பதையும் சிக்கன அச்சையும் தெரிவு செய்கிறேன். மை குறைந்துவிட்டது என்று பிரின்டர் எச்சரித்தவுடன் காட்ரிஜைக் கழற்றுவதில்லை. அது பெரும்பாலும் மதிப்பீடுதான், எழுத்து மங்கும்வரை ஓடவிடலாம். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மை ஊசித் துளையிலேயே காய்ந்துவிடும் என்பதால் வாரத்துக்கு ஒரு தாளாவது எடுக்கிறேன். இடி மின்னல் என்றால் எல்லாரும் பிளக்கைத்தான் முதலில் இழுப்போம். நானும் அப்படித்தான் இரண்டு காட்ரிஜைக் காயவிட்டேன். பிரின்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தி, மை தெளிக்கும் தலைப்பகுதி ஓரமாகப் போய் மூடிக்கொண்ட பிறகே பிளக்கை இழுக்க வேண்டும். திறந்தபடி நின்றால் துளை காயும். அதைத் துப்புரவாக்கும் ஒவ்வொரு முறையும் பிரின்டர் தன் மையையே குடிக்கும். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களில் இதை எண்ணி எண்ணி மனம் வெந்தேன். அதே ஆண்டில்தான் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. மையும் தாளும் வெளியிலிருந்து வருபவை. எங்கள் கூலி இங்கேயே நிற்பது.

புதிதாக வாங்க நினைக்கும் பெற்றோர் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறைந்த பிரின்டரைத் தேடாதீர்கள். காட்ரிஜுக்குப் பதிலாகப் போத்தலிலிருந்து மை ஊற்றும் மைத்தொட்டி பிரின்டரை எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் கொண்டுவந்தது. இன்று கெனன், எச்பி, பிரதர் எல்லாரும் அதைச் செய்கிறார்கள். அதில் 65 மில்லிலீற்றர் கறுப்புப் போத்தல் ஒன்றுக்கு 4,500 பக்கம் என்கிறார்கள். முதலில் கொடுக்கும் காசு அதிகம்தான். அயல் பிள்ளைகளுக்கும் எடுத்துக்கொடுக்கும் வீட்டுக்கு அதுதான் தோது. நான்கைந்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம்.

ஆனாலும், 35 வீடுகள் தனித்தனியே அச்சிடுவதைவிடப் பாடசாலை ஒரே இடத்தில் அச்சிடுவது எப்போதும் மலிவு. ஒரே தாளைப் பல பிரதிகளாக எடுக்கும் றிசோ இயந்திரத்தில் ஒரு மூலப்பிரதி தயாரிக்கும் செலவு ஒருமுறைதான். பிரதி கூடக்கூட ஒன்றின் விலை இறங்கும். இயந்திரம் உள்ள பாடசாலை, இல்லாத பக்கத்துச் சிறிய பாடசாலைக்கும் சேர்த்து எடுத்துக்கொடுத்தால் என்ன? தாளை நாங்கள் வாங்கித் தருகிறோம். வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள் இதற்கு ஓர் ஒழுங்கைச் செய்து தரவேண்டும் என்று பணிவுடன் கேட்கிறேன். மண்முனைத் துறையில் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்த காலம் 2014இல் பாலத்தோடு முடிந்தது. இன்றும் ஒரு காட்ரிஜ் வாங்க நான் தையலை அரைநாள் நிறுத்திவிட்டுத்தான் அக்கரைக்குப் போகிறேன்.

நட்சத்திரத் தாளுக்காக அழுத பிள்ளை மறுநாள் மாலை கொப்பியுடன் ஓடி வந்தாள். நான் எழுதிக் கொடுத்த எட்டுக் கணக்குகளையும் செய்திருந்தாள். ஆசிரியர் எட்டுக்கும் சரி போட்டு, கீழே கையெழுத்தும் வைத்திருந்தார். அந்த ஆசிரியருக்கு என் நன்றி. அவர் ஏற்றுக்கொள்வார் என்பது அந்தப் பிள்ளைக்கு முதல் நாள் தெரிந்திருக்கவில்லை. ஆகவே நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு செயலட்டையின் அடியிலும் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்: "அச்சிட முடியாதவர்கள் கொப்பியில் எழுதிச் செய்யலாம்."

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு தாய்