ஐயா கொண்டு வராத கணக்கு

உ
சிவமயம்

கானாடுகாத்தான்
கார்த்திகை, சோமவாரம்

அன்பு மகனுக்கு ஆத்தா எழுதிக்கொள்வது. நானும் அப்பச்சியும் சுகம். இந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. வளவு முற்றத்தில் வைத்த அண்டா இரண்டு தடவை நிரம்பி வழிந்தது. மேற்குப் பக்கத்து ஓடு இன்னும் ஒழுகுகிறது. தை பிறந்து வருகிறேன் என்கிறார் கொத்தனார்.

போனில் பேசினால் நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். புதுவயலில் உன் பங்குக்கு வந்த இடத்தை விற்று, தொகையை அப்படியே பிட்காயின் என்ற கணினிக் காசில் போடட்டுமா என்று கேட்டாய். "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்கு வணிகவியல் சொல்லிக்கொடுத்தவள், காரணம் சொல்லாமல் ஒரு விடையை அடித்தது சரியில்லை. பத்து நாளாக யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாகப் படி.

எனக்கு அதன்மேல் வெறுப்பு என்று நினைக்காதே. போன தை மாதம் இரண்டாங்கட்டு அறையில் வாடகைக்கு மூன்று இரவு தங்கிய ஜெர்மன் தம்பதியை மறந்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மறுநாள் விடிகாலை மதுரைக்குக் கிளம்ப வேண்டும், அவர்களுடைய கார்டு எடுபடவில்லை. அந்தப் பெண் தயங்கித் தயங்கி, பிட்காயின் வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டது. உனக்குப் போன் போட்டேன். என் கைபேசியில் பிட்காயின் வைக்கும் வாலெட் செயலியை இறக்க நீ சொல்லிக் கொடுத்தாய். அதில் வந்த கட்டம் கட்டமான படத்தை அவர்கள் படம் பிடித்தார்கள். உடனே தொகை தெரிந்தது, ஆனால் உறுதியாகவில்லை என்று போட்டிருந்தது. அப்பச்சி பட்டாலைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பதினான்காவது நிமிடம் உறுதி ஆனது. பேங்க் திறக்கவில்லை, விடுமுறை நாள், நடுவில் ஓர் ஆள் இல்லை, ஜெர்மன்காரர் பணம் நம் வளவுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட ஆச்சரியம் நிஜமானது. ரங்கூனில் உண்டியல் என்ற பணச்சீட்டு எழுதிக் கொடுத்தால் காரைக்குடியில் காசாகும் என்று அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்த உண்டியலுக்கு உயிர் எழுதிக் கொடுத்த கடையின் பெயர்தான். பெயர் கெட்டால் தாளும் கெட்டது. இதிலோ பெயரே தேவையில்லை. 2008 அக்டோபரில் ஒன்பது பக்கத்தில் இதை எழுதி வெளியிட்ட சதோஷி நகமோட்டோ யார் என்று இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது, ஆனாலும் 2009 ஜனவரியிலிருந்து அந்தப் பேரேடு ஓடிக்கொண்டிருக்கிறது.

பேரேடு என்று நான் சொல்வது வேண்டுமென்றேதான். நம் நகரத்தார் கடைகளில் பேரேடு பெட்டியடியில் இருக்கும், மேலாள் தவிர யாரும் தொடமாட்டார்கள். பிட்காயினின் பேரேட்டை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கணினிகள் பிரதி பிரதியாக வைத்திருக்கின்றன. ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படுகிறது. அந்தப் பக்கத்தை எழுதும் உரிமைக்குக் கணினிகள் மின்சாரத்தைச் செலவழித்துப் போட்டி போடுகின்றன, ஜெயித்தவருக்குக் கூலியாகப் புதுக் காசு. முதலில் பக்கத்துக்கு 50, பிறகு 25, இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து 2024 ஏப்ரலில் 3.125 ஆகிவிட்டது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் பிறக்காது. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் எல்லாக் கடைக்காரர்களும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்த வழக்கத்தை நினைத்துப் பார்த்தேன். அங்கே பத்துப் பேர் முகம் பார்த்துப் பேசி ஒரு விகிதத்துக்கு வந்தார்கள். இங்கே விதி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது, பஞ்சம் வந்தாலும் போர் வந்தாலும் அது அசையாது. எது நல்லது என்று எனக்கு இன்னும் மனசு ஒரு பக்கம் சாயவில்லை.

உன் பெரியப்பச்சிக்குச் சாய்ந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் முகப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாதம் செய்தார்கள். "அந்தக் காசுக்குப் பின்னால் நிற்பது யார் ஆச்சி? ரிசர்வ் வங்கி கவர்னரே 2022இல் சொன்னார், அதற்கு ஆதாரமாக ஒரு டியூலிப் பூக்கூடக் கிடையாது என்று." பேங்க்கில் ஆயுசைக் கழித்தவர்கள், அவர்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நான் எழுந்து போய், மேல்வீட்டுப் பெட்டகத்திலிருந்து ஒரு கட்டு எடுத்து வந்து அவர்கள் மடியில் வைத்தேன். நீ சின்னப் பிள்ளையில் கடை வைத்து விளையாடுவாயே, வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு, அந்தக் கட்டு. மலாயாவில் ஜப்பான்காரன் அடித்தது. அதற்குப் பின்னால் ஒரு சாம்ராஜ்யமே நின்றது, 1945இல் சாம்ராஜ்யம் தோற்றது, நோட்டு பிள்ளைகள் விளையாட வந்துவிட்டது. பர்மாவில் 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளை அரசாங்கமே செல்லாது என்றது. நம்மூரில் 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரிக்குப் பிறகு, அடுக்களை டப்பாவில் நான் சேர்த்திருந்த சிறுவாட்டை எடுத்துக்கொண்டு எத்தனை நாள் வெயிலில் வரிசையில் நின்றேன் என்று உனக்குத் தெரியும். அது என் உழைப்பு. அதை என் காசுதான் என்று நிரூபிக்கச் சொன்னது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பின்னால் ஆள் நிற்பதும் ஆபத்துதான் என்று சொன்னேன். பெரியப்பச்சி பதில் பேசவில்லை, நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, வாதத்தில் நான் உன் பக்கம்தான் பேசினேன். இனி நான் ஏன் வேண்டாம் என்றேன் என்பதற்கு வருகிறேன்.

என் ஐயா, அதாவது என் தகப்பனாரைப் பெற்றவர்கள், உனக்குப் பாட்டையா, பர்மாவில் பெகுவில் லேவாதேவி செய்தார்கள். அப்பத்தாவுடைய சீதனப் பணமும் அந்தக் கடையில் அவர்கள் பெயரில் தனியாக வட்டிக்கு ஓடியது. ஆச்சிமார் பணம் என்று அதற்குத் தனிக் கணக்கு உண்டு. 1930களில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் வயலைக் கொடுத்தார்கள். அப்படிக் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் நம்மவர்கள் கைக்கு வந்தது. அந்த மண்ணின் குடியானவனுக்கு அது எவ்வளவு பெரிய காயம் என்று நம் வீடுகளில் பேசமாட்டார்கள், நான் பேசுவேன். 1941 டிசம்பர் 23இல் ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். ஐயா புரோம் போய் அங்கிருந்து அரக்கான் மலை வழியில் நடந்தார்கள். வழியில் காலரா.

உடன் வந்த ஊர்க்காரர் ஒருவர் நாலு மாதம் கழித்து வந்து, ஐயாவின் திருநீற்றுப் பையை அப்பத்தா கையில் கொடுத்தார். "கணக்கெல்லாம் மனசில் இருக்கிறது, யாரிடம் எவ்வளவு, எந்தப் பத்திரம் யார் கையில், எல்லாம் ஊருக்குப் போய் ஆச்சியிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தார்" என்றாராம். அப்பத்தாவுக்கு அப்போது முப்பது வயது. இதை என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! நிலம் போனதை, பணம் போனதை அவர்கள் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். 1948க்குப் பிறகு பர்மா அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டது எல்லாருக்கும் பொது. அவர்களுக்கு ஆறாமல் இருந்தது வேறு. "எனக்கு ஒரு கடுதாசியில் எழுதியிருக்கலாமே, எனக்குப் படிக்கத் தெரியுமே" என்பார்கள். சென்னையிலும் கொழும்பிலும் ஐயாவுக்கு வரவேண்டியது இருந்தது என்று ஊருக்கே தெரியும். யாரிடம் என்றுதான் யாருக்கும் தெரியாது. ஐயாவின் மகனான என் அப்பச்சி பெட்டியடிப் பையனாக வேறு ஒருவர் கடையில் சேர்ந்தது அப்படித்தான்.

தம்பி, நீ சொன்னாய்: வாலெட்டைத் திறக்கும் பன்னிரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டால் போதும் ஆத்தா, எந்த நாட்டுக்கும் கை வீசிக்கொண்டு போகலாம், எவனும் பறிக்க முடியாது. அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பன்னிரண்டு சொல் ஐயாவிடம் இருந்திருந்தால், பெகுவில் விட்டு வந்ததையெல்லாம் தலைக்குள் வைத்து மலை தாண்டிக் கொண்டு வந்திருக்கலாம். நிஜம். ஆனால் அவர்கள் மலை தாண்டவில்லையே. அவர்களோடு அந்தச் சொற்களும் அரக்கான் காட்டில் கிடந்திருக்கும். எவனாலும் பறிக்க முடியாத பூட்டை வீட்டுப் பெண்ணாலும் திறக்க முடியாது. பேங்க்கில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அலைந்தாவது எடுக்கலாம். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் பிட்காயின் மாதிரியான கிரிப்டோ காசை ஒரு சொத்து என்று சொல்லிவிட்டது, மகிழ்ச்சிதான். ஆனால் சாவிச் சொல் தொலைந்துபோன சொத்தை எந்த நீதிபதியும் மீட்டுத் தர முடியாதே.

கனடாவில் குவாட்ரிகா என்று ஒரு பரிமாற்ற நிறுவனம் இருந்தது. அதன் தலைவர் 2018 டிசம்பரில் நம் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். சாவிகள் அவரிடம் மட்டும்தான் இருந்தன என்றார்கள். பின்னால் விசாரித்தபோது மோசடியே நடந்திருந்தது தெரிந்தது. ஓர் ஆள் தலைக்குள் மட்டும் இருக்கும் கணக்கில் மோசடியும் நேர்மையும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உன் மனைவி, என் மகமிண்டிக்கு உன்னிடம் எவ்வளவு பிட்காயின் இருக்கிறது என்று தெரியுமா? அவள் வாயைப் பிடுங்க நான் கேட்கவில்லை, போன மாதம் பேச்சுவாக்கில் அவளே சொன்னாள்: "ஏதோ வைத்திருக்கிறார்கள் ஆத்தா, எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது." அந்த நிமிடம் அப்பத்தா குரல் மாதிரி இருந்தது. புதுவயல் இடத்தை வேண்டாம் என்றது அதனால்தான், விலை ஏறும் இறங்கும் என்பதால் அல்ல.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி விடுகிறேன். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது அடுத்த நவம்பரில் 16,000 பக்கம் நின்றது. பிறகு ஏறி 2024 டிசம்பரில் லட்சத்தைத் தாண்டியது. எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் அதைச் சட்டப்படி செல்லும் பணமாக்கி, வாலெட் வைத்துக்கொண்டவருக்கெல்லாம் 30 டாலர் போட்டுக் கொடுத்தது. பெரும்பாலோர் அதைச் செலவழித்துவிட்டு டாலருக்கே திரும்பிவிட்டார்கள். 2025 தொடக்கத்தில் கடைக்காரர் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள். நாளைக்கு ஏறும் என்று நினைக்கும் காசைக் கொடுத்து இன்றைக்கு யார் அரிசி வாங்குவார்கள்? இறங்கும் என்று பயப்படும் காசை எந்தக் கடைக்காரன் வாங்கிக் கல்லாவில் வைப்பான்? அறை வாடகையாக வந்ததை நான் அந்த வாரமே விற்று ரூபாயாக்கினேன். 1 சதவீதம் பிடித்தம், லாபம் இருந்தால் 30 சதவீதம் வரி, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது என்பதையெல்லாம் பார்த்துத்தான் விற்றேன். அடுத்த விருந்தாளி கேட்டாலும் வாங்குவேன், விற்பேன். என்னைப் பொறுத்தவரை அது காசை அனுப்பும் நல்ல பாதை. வைத்துக்கொள்ளும் இடமாக நீ நினைக்கிறாய், நினைத்துக்கொள். உன் சம்பளத்தில் மிஞ்சியதைப் போடு, நான் குறுக்கே வரமாட்டேன். பரம்பரை இடத்தை விற்றுப் போடாதே. அது நீ சம்பாதித்ததும் இல்லை, உனக்கு மட்டும் என்று வந்ததும் இல்லை.

காரைக்குடியில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி, மாதம் பத்து சதவீதம் என்று ஒருவன் சொன்னதை நம்பி ஓய்வூதியப் பணத்தைக் கொடுத்து ஏமாந்தாள். பிட்காயின் என்று சொல்லித்தான் வாங்கினான். அதற்கும் பிட்காயினுக்கும் சம்பந்தமே கிடையாது, பழைய சீட்டு மோசடிதான் புதுப் பெயரில் வந்தது. அவள் அழுவதைப் பார்க்க முடியவில்லை. உன்னை அந்தக் கூட்டத்தில் வைத்து நான் பார்க்கவில்லை என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

பிள்ளையார் நோன்புக்கு வருகிறேன் என்றாய். மகமிண்டியையும் அழைத்துக்கொண்டு வா. மூன்று சாவி வைத்து, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும்படி செய்யலாம் என்று நீதானே ஒரு தடவை சொன்னாய்? அப்படிச் செய். ஒன்று உன்னிடம், ஒன்று அவளிடம், ஒன்று இங்கே இரும்புப் பெட்டியில். எவ்வளவு, எங்கே, எந்த நிறுவனத்தில், வரி எது வரை கட்டியது என்று ஒரு ஐந்தொகை எழுது. தமிழில் எழுது, அவளுக்கு எதிரில் உட்கார்ந்து எழுது. எனக்குத் தொகை தெரிய வேண்டியதில்லை.

என் வாலெட்டின் பன்னிரண்டு சொல்லை நான் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது அதில் ஒன்றும் இல்லை, ஆனாலும் எந்த அறையில் இருக்கிறது என்று உன் தங்கச்சிக்கும் அப்பச்சிக்கும் சொல்லிவிட்டேன். உன் உறைக்கு அதற்கு மேல் தட்டைக் காலி செய்து வைத்திருக்கிறேன். அங்கே இருந்த வாழைமர நோட்டுக் கட்டு இப்போது பெரியப்பச்சியிடம் இருக்கிறது, ராத்திரி பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

வரும்போது அப்பச்சிக்கு அந்தத் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா. கார் காரைக்குடி ஸ்டேஷனுக்கு வருமா, திருச்சி விமான நிலையத்துக்கு வர வேண்டுமா என்று முன்னாலேயே சொல்.

ஆத்தா