ஆடியிலிருந்து எண்ணிப் பாரு

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். உங்கப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கு. செவலை கன்னு போட்டிருக்கு, கிடாரி. சீம்பால் காய்ச்சினப்ப உன் நெனப்புதான்.

போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குற. ‘வேலையா இருக்கேம்மா’ன்னு மெசேஜ் மட்டும் வருது. பாப்பா குரலைக் கேட்டு மூணு வாரமாச்சு. அதான் எழுதுறேன். கடுதாசியைப் பாதியில கட் பண்ண முடியாதுல்ல.

பொங்கலுக்கு வந்திருந்தப்ப நாலு நாளும் தலைவலின்னு சாமி ரூம் பக்கமே போகல நீ. முகம் வெளுத்துக் கெடந்துச்சு. கிராம நர்ஸா முப்பத்தோரு வருஷம் தெருத்தெருவா நடந்து, ஊரான் வீட்டுப் பொண்ணுங்ககிட்ட ‘தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு’ன்னு கூச்சப்படாம கேட்டவ நான். உன்கிட்ட வாய் வரல. முருங்கைக்கீரை சாப்பிடு. ரத்தம் எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் எடு.

போன வாரம் சம்பந்தியம்மா பேசினாங்க. “பிள்ளை தள்ளிப்போடுற ஊசியை நிறுத்தி இத்தனை மாசமாச்சு, இன்னும் ஒண்ணையும் காணோம், உங்க பொண்ணுக்கு வேற ஏதும் கோளாறா”ன்னாங்க. உன்னைச் சொன்னதும் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அந்த வீட்டுல ரெண்டாவது சம்பளம் யாரோடதுன்னு கேட்டிருக்கணும். ‘பார்க்கலாங்க’ன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டேன்.

ஆடியில கடைசி ஊசி. இப்ப பங்குனி. எண்ணிப் பாரு, எட்டு மாசம். அந்த 150 மில்லிகிராம் மருந்து சதைக்குள்ள போயிட்டா வெளிய எடுக்க வழியே இல்ல. பொடிப்பொடியாத் தங்கி, மெல்ல மெல்லத்தான் கரையும். மூணு மாசத்துக்கு ஒரு ஊசிங்கிறது அடுத்தது போடுறதுக்கான கணக்கு. அன்னிக்கே மருந்து தீர்ந்துடும்னு இல்ல. கடைசி ஊசியிலேருந்து திரும்ப முழுகாம இருக்க சராசரியா 7 மாசத்திலேருந்து 10 மாசம் வரைக்கும் ஆகும், சிலருக்கு வருஷமே தாண்டும். உன் உடம்புல கோளாறுன்னு இப்பவே யாரும் முடிவு கட்ட வேண்டாம். நீயும் கட்டாத.

இது எனக்குத் தெரியாதான்னு நீ கேக்கலாம். தெரியும்டி. 2017ல அந்தரான்னு கவர்மெண்ட்டுல இந்த ஊசித் திட்டம் வந்தப்பவே பயிற்சியில படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. தீட்டு தாறுமாறா வரும், இல்ல வராமலே போகும், எடை கூடலாம், எலும்போட பலம் கொஞ்சம் குறையும், நிறுத்தினா திரும்பிடும், அடுத்த பிள்ளை தங்க நாளாகும், இதையெல்லாம் ஊசிக்கு முன்னாலேயே சொல்லணும்னு. பாப்பா பொறந்து டாக்டரம்மா உன்னைப் பார்த்துச் சரின்னதும், உன் கையில முதல் ஊசி போட்டது நான். தாய்ப்பாலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னேன், அது நெசம். ‘நிறுத்தினா உடனே பிள்ளை நிக்கும்’னேன் பாரு, அது பொய். சொன்னா நீ பயந்து வேண்டாம்னுடுவியோன்னுதான். உடனே ரெண்டாவது வந்து உன் வேலை போயிடக் கூடாதுன்னு எனக்கு.

உன்கிட்ட மட்டும்னு இல்ல. கீழத்தெருப் பொண்ணு ஒருத்தி, ஊசி போட்டப்புறம் இருபது நாளா தீட்டு நிக்கலக்கான்னு வந்து நின்னா. மாசக் கடைசி, மீட்டிங்குல எத்தனை கேஸுன்னு கேப்பாங்க, எனக்கு அந்தக் கவலை. ‘அது அப்படித்தான், போகப்போக நின்னுடும்’னு அனுப்பிட்டேன். இருபது நாளும் அவ மாமியா அவளை அடுப்படிக்குள்ள விடலைன்னு அப்புறந்தான் தெரியும். அடுத்த ஊசிக்கு அவ வரல. ரிஜிஸ்டர்ல ‘விருப்பமில்லை’ன்னு எழுதினேன். என் கையெழுத்துதான்.

உனக்கு இன்னும் அப்படிப் படுதா? எட்டு நாளைத் தாண்டினாலோ, வழக்கத்தைவிட ரெண்டு பங்கு போனாலோ ஊசி மேல பழியைப் போட்டுட்டு உக்காந்திருக்காத, டாக்டரைப் பாரு. மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ. ரத்தம் டெஸ்ட் எடு, மறுபடி சொல்றேன். கேப்பை அரைச்சு வெச்சிருக்கேன், கூழாவது காய்ச்சிக் குடி.

அடுத்த வியாழக்கிழமை ராத்திரி ஓசூர் பஸ்ஸுக்கு உங்கப்பா டிக்கெட் போட்டிருக்காங்க. சம்பந்தியம்மா முன்னால உக்காந்து நானே சொல்றேன், ஊசி போட்டதும் நான்தான், சொல்லாம விட்டதும் நான்தான்னு. வர வேண்டாம்னா, அதையாவது போனை எடுத்துச் சொல்லு.

அம்மா