வியாழக்கிழமை அழைக்காதே

அன்பு மகனுக்கு,

நீ அழைத்தபோது நான் தொலைபேசியை எடுக்காததால் பயந்துபோனாயாம். நோயும் இல்லை, விழவும் இல்லை. தேவாலய மணிக்கூண்டில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தேன். வியாழன் எங்களுக்குப் பயிற்சி நாள்.

நம் ஊர்க் கோயில் மணி போல நினைத்துவிடாதே. ஆறு மணிகள், ஆறு பேர், ஆளுக்கொரு கயிறு. ராகம் கிடையாது, மணிகள் ஒலிக்கும் வரிசைதான் மாறிக்கொண்டே போகும். ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குள் எந்த மணியும் ஓரிடத்துக்கு மேல் நகரக் கூடாது. ஆறு மணிகளுக்கு மொத்தம் 720 வரிசைகள். தாளைப் பார்க்காமல், ஒன்றுகூடத் திரும்ப வராமல் அத்தனையையும் அடிக்க வேண்டும். கணிதம் படித்தவன், உனக்குப் பிடிக்கும். பிள்ளையார் சுழி போட்டே எதையும் தொடங்கும் என்னிடம் இதுவரை யாரும் சமயம் கேட்கவில்லை. ஐந்தாம் கயிற்றுக்கு ஆள் இருக்கிறதா என்பதுதான் அவர்கள் கவலை.

இங்கிலாந்தின் இந்தச் சஃபோக் கிராமத்தில் யாரும் நம்மவர்களைப் போலச் சொல்லாமல் வந்து தேநீர் குடிக்க மாட்டார்கள். அடுத்த வீட்டுக்காரி பல வருடங்களாக என்னிடம் மழையைப் பற்றி மட்டுமே பேசினாள். கிராம மண்டபத்தில் இருவரும் சேர்ந்து தட்டுக் கழுவிய அன்றுதான் அவள் மகனின் விவாகரத்து வரை எல்லாம் வெளியே வந்தது. கையில் வேலை இருந்தால்தான் இவர்களுக்கு வாய் திறக்கும்.

ஊர்ப் பெண்கள் கூடும் சங்கமான மகளிர் இன்ஸ்டிடியூட்டிலும் அப்படித்தான். அது உங்கள் கனடாவின் ஒன்டாரியோவில், ஸ்டோனி கிரீக்கில், 1897இல் பிறந்தது. 1915இல்தான் இந்தப் பக்கம் வந்தது. அங்கேயே இருக்கும் உனக்குத் தெரிந்திருக்காது. போட்டியில் என் மாங்காய்ச் சட்னிக்கு நடுவர் அம்மா புள்ளியைக் குறைத்தார். போத்தலில் தேதிச் சீட்டு ஒட்டவில்லையாம். சுவையைப் பற்றி மூச்சே இல்லை!

முதியோருக்கான இலவச பஸ் அட்டை வார நாட்களில் காலை 9.30க்குப் பிறகுதான் செல்லும். அதனால் முதல் பஸ்ஸில் ஆளில்லை, இரண்டாவதில் இடமில்லை. ஊர்ச் செய்தி முழுவதும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

குளிர்காலம் கடினம்தான், மறைக்கவில்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும். இரவில் கார் ஓட்டத் தெம்புள்ளவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆனாலும் ஸ்காபரோவில் உன் வீட்டு மாடியறையில் இருந்தால் நீங்கள் வேலை முடிந்து வரும்வரை நான் யாருடன் பேசுவது?

ஆகஸ்டில் குடும்பத்தோடு வா. மலர்க் கண்காட்சிக்கு மேசை தூக்க ஆள் போதாது. உன் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா