ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு: உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், இல்லப் பொறுப்பாசிரியர்களுக்கும், வலயங்களில் போட்டிக்கு நேரசூசி போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

மாரி ஓய்ந்து மைதானத்துச் சேறு காய்ந்ததும் சுண்ணாம்புக் கோடு போடத் தொடங்கிவிடுவோம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஒலிபெருக்கியில் சத்தம் வரும்: "மரதனுக்குப் பேர் குடுக்காத ஆக்கள் இண்டைக்குள்ள குடுங்க." இல்லத்துக்குப் புள்ளி வேண்டும். பந்தடிக்கிற பெடியன், சும்மா வேலியோரம் நின்றவன், முந்தநாள் காய்ச்சல் விட்டு வந்தவன் எல்லோருடைய பெயரும் தாளில் ஏறிவிடும். காலை ஆறரைக்கு ஓட்டம் என்று சொல்லியிருப்போம். கொடி அசைக்க வேண்டிய பெரியவர் வந்து சேர எட்டரை ஆகும். வெளியில் நின்று குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இருபத்தாறு வருடம் அந்தத் தாளில் பெயர் எழுதியவன் நான்.

கேட்பது ஒன்றுதான். பன்னிரண்டு கிழமை மெதுவாக ஓடிப் பழகாத பிள்ளையின் பெயரை மரதனுக்கு எழுதாதீர்கள். பழகிய பிள்ளையையும் வெயிலில் ஓடவிடாதீர்கள். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதில் யார் மேல் பிழை என்று தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. அந்தச் செய்தி கேட்டு நாமெல்லாம் பதறினோம். அந்தப் பதற்றம் ஆறுவதற்குள் பழக்கத்தை மாற்றினோமா என்பதுதான் என் கேள்வி.

நான் ஓடிய முதல் மரதன் ஐந்து கிலோமீற்றர். பதினாலு வயது. (அசல் மரதன் 42.195 கிலோமீற்றர் என்று பிறகுதான் தெரிந்தது. நம் ஊரில் கோயிலடி வரைக்கும் போய்க் கிறுகி வந்தால் அதுவும் மரதன்தான்.) "தண்ணி குடிச்சா வயித்துல குத்தும், கொப்பளிச்சுத் துப்பு" என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் ஐந்நூறு மீற்றரைக் கட்டவிழ்த்த கன்று மாதிரிப் பாய்ந்தேன். மூன்றாவது கிலோமீற்றரில் தார் வீதி அலையலையாக ஆடியது. ஒரு வேலியோரம் இருந்துவிட்டேன். உள்ளேயிருந்து வந்த அம்மா ஒருவர், "மனே, இதுல இரு மனே" என்று கிணற்றடிக்கு இழுத்துப்போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார். எத்தனை வாளி என்று ஞாபகமில்லை. குளிரில் பல்லுக் கிட்டும்வரை ஊற்றினார். அந்த அம்மா எந்த ஆராய்ச்சியும் படித்திருக்க மாட்டார். ஆனால் இன்று ஆராய்ச்சி சொல்வதைத்தான் செய்தார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆசிரியரானதும் நானும் பிள்ளைகளை அப்படியே பழக்கினேன். நானூறு மீற்றர் சுற்று, ஒவ்வொன்றும் உயிர் போகிற வேகத்தில், கையில் நிறுத்தற் கடிகாரம், வாயில் விசில். யாராவது வாந்தி எடுத்தால் அன்றைக்குப் பயிற்சி நன்றாக நடந்தது என்று கணக்கு. மாகாணம்வரை போன பிள்ளைகள் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. மிச்சப் பேருக்கு முழங்கால் நோ, கணைக்கால் நோ, மறுகா ஒருநாள் "சேர், அம்மா வேணாமாம்." அந்த ஒன்றிரண்டு பிள்ளைகளும் என் பயிற்சியால் வென்றார்களா, என் பயிற்சியைத் தாங்கியதால் வென்றார்களா என்று நான் அப்போது யோசிக்கவேயில்லை.

நெடுந்தூர ஓட்டம் நெஞ்சுரத்தால் மட்டும் வருவதில்லை. அது தசைக்குள் கட்டப்படுகிற ஒன்று. 1967 இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஹொலொசி எலிகளை ஓடுபட்டியில் ஓடவிட்டார். கிழமைக்கு ஐந்து நாள், படிப்படியாகக் கூட்டி நாளுக்கு இரண்டு மணி நேரம்வரை, பன்னிரண்டு கிழமை. பிறகு அவற்றின் கால் தசையைச் சோதித்தார். ஒட்சிசனைக் கொண்டு சக்தியெடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. உயிரியல் புத்தகத்தில் படம் கீறிப் படித்தோமே, கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணி, அதுதான் பெருகியிருந்தது. பன்னிரண்டு கிழமை என்ற என் கணக்கு அங்கிருந்து எடுத்தது. எலிக்கும் பிள்ளைக்கும் ஒரே காலம் எடுக்கும் என்று நான் வாதாடவில்லை. பெயர் எழுதிய மூன்றாம் நாள் இழைமணி முளைக்காது என்பதற்கு அது போதும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் குருதியின் அளவு கூடுவது, தசை நாரைச் சுற்றி மயிர்க்குழாய்கள் புதிதாகப் படர்வது, கிளைக்கோஜன் என்ற மாச்சத்தைச் சேமித்துக் கொழுப்பை எரிக்க உடல் பழகுவது எல்லாமே கிழமைக் கணக்கிலும் மாதக் கணக்கிலும்தான் நடக்கும். எலும்பும் சவ்வும் இன்னும் ஆறுதலாகத்தான் பலப்படும். நம் பிள்ளைகளின் கணைக்கால் நோவுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்: மூச்சு முன்னே போய்விடும், எலும்பு பின்னுக்கு நிற்கும்.

இந்த இடத்தில் லக்ரிக் அமிலத்துக்காகவும் இரண்டு வார்த்தை பேச வேண்டும். "லக்ரிக் அசிட் தேங்கிட்டு, அதான் ரெண்டு நாளா நோகுது" என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது பிழை. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அது கழிவும் இல்லை. ஒரு தசை வெளியே விடும் லக்ரேற்றை (உடலுக்குள் அந்த அமிலம் இருக்கும் வடிவம்) இதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஜோர்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து இதைத்தான் சொல்லிவந்தார். மறுநாள் நோவுக்குக் காரணம் பழகாத தசையில் விழும் நுண்ணிய சிதைவு.

மெதுவாக ஓடினால் மெதுவான ஓட்டக்காரன்தான் வருவான் என்று என்னிடம் வாதாடிய சேர்மார் பலர். அவர்களுக்கு நான் நியூசிலாந்துக் கதையைச் சொல்வதுண்டு. ஆதர் லிடியாட் என்று ஒருவர், சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தன் உடலையே சோதனைக்கூடமாக்கி ஓடி ஓடிப் பார்த்து, கிழமைக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீற்றர் என்ற கணக்குக்கு வந்தார். 800 மீற்றர் ஓடுகிற பீற்றர் ஸ்னெல்லைக்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பாதையில் 35 கிலோமீற்றர் ஓட வைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே பின்னேரத்தில் ஸ்னெல் 800 மீற்றரிலும், அவருடைய இன்னொரு பெடியன் மரே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம் எடுத்தார்கள். ஸ்னெல் பிறகு படித்து உடற்பயிற்சி உடலியல் ஆய்வாளராகவே ஆனார். நோர்வேயில் வாழும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத் தரத்துப் படகோட்டிகளும் பனிச்சறுக்கு வீரர்களும் உண்மையில் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று பதிவேடுகளை எண்ணிப் பார்த்தார். பத்துக்கு எட்டு நாள் லேசான வேகம், இரண்டு நாள் கடுமை. நான் பத்துக்குப் பத்தும் கடுமையாக நடத்தியவன்.

160 கிலோமீற்றர் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். லேசான வேகம் எது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். 220 இலிருந்து வயதைக் கழித்து நாடித் துடிப்புப் பார்க்கும் முறை ஒரு சராசரிதான். ஒரு பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். கடைசி ஆறு வருடமும் நான் வேறு வழி பிடித்தேன். ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். "ஏழேழு நாப்பத்தொன்பது" என்று ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. "ஏழே... ழு" என்று நடுவில் அறுந்தால் வேகம் குறை. கடற்கரை மணலில் ரப்பர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஒரு பிள்ளை, பத்தாம் வகுப்பு, முதல் மாதம் முழுக்க "நடக்கிற மாதிரி இருக்கு சேர், வெட்கமா இருக்கு" என்று முறைப்பட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை முழுதாகச் சொல்லி முடித்துவிட்டு, கரைவலை இழுக்கிற ஆட்களைத் தாண்டி என்னையும் தாண்டிப் போனாள். நான் சைக்கிளில் இருந்தேன். மணலில் சைக்கிள் புதையும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி வெயில்.

தசை எரிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குபோலத்தான் ஓட்டமாக மாறுகிறது. மீதி சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை ஆவியாவது. நிலத்தில் சொட்டுகிற வியர்வையால் பிரயோசனமில்லை, ஆவியானால்தான் குளிரும். நமக்கோ ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், காற்றில் ஈரம். 1950களில் அமெரிக்கக் கடற்படையணிப் பயிற்சி முகாமில் ஆட்கள் வெப்பத்தில் விழத் தொடங்கியபோது உருவாக்கிய வெப்பக் கணக்கு ஒன்று இன்றும் விளையாட்டுத் துறையில் பாவனையில் உண்டு. அதில் பத்துப் பங்கில் ஏழு பங்கு ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு, இரண்டு பங்கு வெயில் பட்டுச் சூடேறும் கறுப்புக் கோளத்துக்கு. நாம் கைத்தொலைபேசியில் பார்த்து "இண்டைக்கு முப்பத்திரண்டுதானே" என்கிறோமே, அந்த வெறும் வெப்பமானிக்குக் கிடைப்பது ஒரே ஒரு பங்கு. போட்டிகள் இழுபட்டுக் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களுக்குள் போய்விட்டால் சிக்கல் வேறு மாதிரி: வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்று பிள்ளைக்கே தெரியாது.

வெயிலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வெயில் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். வெயிலில் இருப்பது வேறு, வெயிலில் உழைப்பது வேறு. பத்துப் பதினான்கு நாள் சூட்டில் படிப்படியாக ஓடினால்தான் குருதியின் திரவப் பகுதி கூடி, வியர்வை முந்திச் சுரக்கத் தொடங்கும். கதிர்காமத்துக்கு நடக்கிற நம் அம்மாமாரைப் பாருங்கள். உகந்தை தாண்டிக் காட்டுக்குள் போகிறவர்கள் விடியமுன் நடப்பார்கள், உச்சி வெயிலில் மர நிழலில் சோறாக்கிப் படுப்பார்கள், வெயில் சாய எழும்புவார்கள். அறுபது வயது ஆட்கள் அறிந்த நேரசூசி வலயத்துக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. ஆறு மணிக்குக் கொடி அசையட்டும். விருந்தினர் வந்து பரிசு கொடுத்தால் போதும்.

"அஞ்சு கிலோமீற்றர்தானே" என்ற பேச்சையும் விட வேண்டும். குறுகிய தூரம் என்றால் வேகம் கூடும், வேகம் கூடினால் சூடு கூடும். அமெரிக்காவில் ஃபல்மத் என்ற கடலோர ஊரில் ஓகஸ்ட் மாதத்தில் ஏழு மைல் ஓட்டம் நடக்கும், பதினொரு கிலோமீற்றர் சொச்சம். பதினெட்டு வருடப் பதிவுகளில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு, அதாவது உடற்சூடு எல்லைமீறி மூளை தடுமாறும் நிலை. அங்கேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.

அந்தத் தொட்டி நமக்கும் எட்டாத பொருளில்லை. வாடியில் மீனுக்கு உடைக்கிற ஐஸ் இரண்டு ரெஜிபோம் பெட்டி, ஒரு நீலத் தறப்பாள், நான்கு பீப்பாய் தண்ணீர், நான்கு மூலையைப் பிடிக்க நான்கு பேர். ஓடி வந்த பிள்ளை தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், தன் பெயர் தடுமாறினால், ஆளை நிழலில் கிடத்தி விசிறிக்கொண்டு நிற்க வேண்டாம். தறப்பாளில் கிடத்தி, தலை வெளியே இருக்க, கழுத்துவரை ஐஸ் தண்ணீர். அம்புலன்சுக்கு அழையுங்கள், ஆனால் அது வரும்வரை குளிரவைப்பதை நிறுத்தாதீர்கள். முதலில் குளிர்ச்சி, பிறகு பயணம். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்க வேண்டும். "வேர்க்குதே, ஒண்டுமில்ல" என்று ஏமாற வேண்டாம். ஓட்டத்தால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை ஓடிக்கொண்டே இருக்கலாம். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் தண்ணீரோ ஜீவனியோ ஊற்றவே கூடாது.

தண்ணீர் விஷயத்தில் மறுகோடிக்கும் போய்விடாதீர்கள். 2002 பொஸ்ரன் மரதனில் பரிசோதனைக்குக் குருதி கொடுத்த 488 பேரில் 13 வீதமானவர்களுக்குக் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததுதான் முக்கிய காரணம். தாகத்துக்குக் குடிக்கட்டும், துப்பச் சொல்லாதீர்கள், திணிக்கவும் வேண்டாம். ஓடும்போது மயங்கிய பிள்ளை, நெஞ்சு நோகுது என்கிற பிள்ளை, குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உள்ள பிள்ளை என்றால் வைத்தியரிடம் காட்டாமல் பெயர் எழுதக் கூடாது. காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்து கிழமை ஆகாத பிள்ளைக்கும் அந்த வருடம் ஓட்டம் இல்லை, இல்லத்துக்கு எத்தனை புள்ளி போனாலும்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். வாகரையிலிருந்து பொத்துவில்வரை எந்தப் பாடசாலை மரதனுக்குக் கூப்பிட்டாலும் காலை ஐந்தரைக்கு வந்து நிற்பேன். தறப்பாள் என்னிடம் இருக்கிறது. ஐஸுக்கு மட்டும் முதல் நாள் வாடியில் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு.